கச்சேரி வயலினும் வயலின் வகுப்பும்: இதைத் தொழிலாக எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வர்ணம், கிருதியெல்லாம் பாடமாகிவிட்டது, விரலும் ஓடுகிறது, இனி கச்சேரிக்குப் போகலாமா, வகுப்பு எடுக்கலாமா என்று யோசிக்கிற கட்டத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கர்நாடக இசை, சென்னை மேடை, அதைச் சுற்றிய பிழைப்பு. இதுதான் எல்லை.

கர்நாடக வயலின்காரருக்கு வரும் மேடை வேலையில் பெரும்பகுதி பக்கவாத்தியம், அதாவது பாடகருக்குத் துணையாக வாசிப்பது. மாதா மாதம் நம்பக்கூடிய வருமானம் வகுப்பிலிருந்து வரும். தனிக் கச்சேரி எப்போதாவது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தனிக் கச்சேரியில் தொடங்கி, அது நடக்காதபோது வகுப்புக்குத் தாவி, பக்கவாத்தியத்தை ‘வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது. ஒவ்வொரு படிக்கும் ஏன் அது அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பாடம். வர்ணங்கள் இரண்டு காலத்திலும் தடுமாறாமல் வர வேண்டும். அட தாள வர்ணம் குறைந்தது இரண்டு சுத்தமாக இருக்க வேண்டும். எத்தனை கிருதி தெரியும் என்ற எண்ணிக்கை பெரிய விஷயமில்லை. எந்த ராகங்களில் தெரியும் என்பதைப் பாருங்கள். தோடி, பைரவி, காம்போதி, சங்கராபரணம், கல்யாணி, கரகரப்பிரியா ஆகிய ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கிருதிகளாவது தெரிந்திருக்க வேண்டும். கச்சேரியின் மெயின் உருப்படி பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான் விழும். அங்கே ஒரு ராகம் கைவிட்டால் மாலை முழுக்கத் தெரியும். ஒரு அபூர்வ ராகம் தெரியாமல் போனால் அஞ்சு நிமிடத்தில் கடந்துவிடலாம்.

அடுத்தது வாத்தியம். இரண்டு வயலின் வேண்டும். ஒன்று நல்லதாகவும் மற்றது சுமாராகவும் இருந்தாலும் பரவாயில்லை. காரணம் சுருதி. நம் வயலினில் தந்திகள் ஸ-ப-ஸ-ப என்று நிற்கின்றன. கட்டை என்பது சுருதியின் உயர அளவு. ஆண் பாடகர்கள் பெரும்பாலும் 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்குள் பாடுவார்கள். பெண் பாடகர்கள் 5, 5½, 6 கட்டையில். ஒரே வயலினைக் காலையில் 1½ கட்டைக்கு இறக்கி மாலையில் 5½க்கு ஏற்றினால் தந்தி நிலைக்காது, ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் சுருதி இறங்கும், பிரிட்ஜ் சாய ஆரம்பிக்கும். ஒரு வயலினை ஆண் சுருதிக்கும் இன்னொன்றைப் பெண் சுருதிக்கும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண் சுருதி வயலினுக்குத் தடிமனான தந்தி போட்டால்தான் தொளதொளவென்று ஒலிக்காது.

பெட்டிக்குள் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு முழு செட் தந்தி (முதல் தந்தி மட்டும் இரண்டு), இன்னொரு வில், ரோசின், இடது விரலுக்குத் தடவ ஒரு சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய், வில்லின் முடியில் எண்ணெய் படாமல் கையைத் துடைக்கத் தனித்துணி. எண்ணெய்க்கும் ரோசினுக்கும் ஒரே துணியைப் பயன்படுத்துகிறவர்களின் வில் அடிக்கடி வழுக்கும். வில்லைக் குறை சொல்லி வேறு வில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

2. வாயால் பாட வராததை வாசிக்காதீர்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். குரல் நன்றாக இல்லை என்று காரணம் சொல்வார்கள். குரல் நன்றாக இருக்க வேண்டாம். சுருதியோடு சாகித்தியத்தைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஏன் என்றால், வில்லை எங்கே திருப்புவது என்பதைச் சாகித்தியம்தான் முடிவு செய்கிறது. பாடகர் ஒரே எழுத்தை அகாரமாக நீட்டிக்கொண்டு ஒரு கமகத்துக்குள் (ஸ்வரத்தை அசைக்கும் அலங்காரம்) இருக்கிறார். நீங்கள் நடுவில் வில்லைத் திருப்பினால் அவர் அந்த இடத்தில் புது எழுத்து சொன்ன மாதிரி கேட்கும். இதே தவறு இரண்டு மணி நேரம் நடந்தால் பாடகருக்கு மூச்சு முட்டும். ‘என்னமோ ஒட்டவில்லை’ என்பார். என்ன என்று அவருக்கே சொல்லத் தெரியாது. அடுத்த முறை கூப்பிட மாட்டார்.

தெரிந்த ஒரு கிருதியின் பல்லவியைத் தாளம் போட்டுக்கொண்டு பாடிப் பழகுங்கள். எழுத்து விழும் இடங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடங்களில் மட்டும் வில்லைத் திருப்பி வாசியுங்கள். எல்லாச் சங்கதிக்கும் (ஒரே வரியின் மாற்று வடிவங்கள்) இப்படிச் செய்ய முதலில் எரிச்சலாக இருக்கும். பத்துப் பதினைந்து கிருதிக்குப் பிறகு கை தானாகவே எழுத்தைத் தேட ஆரம்பிக்கும்.

3. சுருதி சேர்ப்பதை ஒரு தனிப் பாடமாகப் பழகுங்கள்

வீட்டில் சுருதி சேர்ப்பது வேறு; ஏசி அரங்கில் சபா செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சேர்ப்பது வேறு. பின்னதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

மத்திய ஸட்ஜத்தை முதலில் பிடித்து, அதிலிருந்து மந்தர ஸட்ஜம், பிறகு இரண்டு பஞ்சமங்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று. ஒரு தந்தியை இறுக்கும்போது பிரிட்ஜில் அழுத்தம் மாறி மற்றவை லேசாக இறங்கும், அதனால்தான் இரண்டாவது சுற்று. முறுக்காணியில் பெரிய மாற்றம், ஃபைன் டியூனரில் சின்ன மாற்றம். ஃபைன் டியூனர் கடைசிவரை திருகி முட்டிப்போய் நிற்கும் வயலினோடு மேடை ஏறாதீர்கள். வாரம் ஒரு முறை அதைத் தளர்த்தி நடுவில் கொண்டுவந்து வையுங்கள்.

சென்னை ஈரத்தில் முறுக்காணி ஊறி இறுகும். ஏசியின் உலர்ந்த காற்றில் சுருங்கி வழுக்கும். ஆகவே அரங்குக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய்ப் பெட்டியைத் திறந்து வையுங்கள். சாக்பீஸ் தூள் கொஞ்சம் இருந்தால் வழுக்கும் முறுக்காணியைச் சமாளிக்கலாம்.

உங்கள் கைபேசித் தம்புராவை நம்பிச் சேர்த்துவிட்டு மேடைக்குப் போவது இன்னொரு பரவலான தவறு. பாடகரின் சுருதிப்பெட்டி துளி ஏறியோ இறங்கியோ இருக்கலாம். கடைசிச் சேர்ப்பு எப்போதும் பாடகரின் சுருதிக்குத்தான்.

4. பதிவுகளோடு நிழலாக வாசித்துப் பழகுதல்

பக்கவாத்தியம் வாசிக்க ஆள் கிடைப்பதற்கு முன்பே அதைப் பழகலாம். பழைய கச்சேரிப் பதிவுகள் இருக்கின்றன. செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு டி.என். கிருஷ்ணன், மதுரை சோமுவுக்கு எம். சந்திரசேகரன், எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் கண்டதேவி அழகிரிசாமி வாசித்தவற்றைத் தேடி எடுங்கள். மூன்று பாடகர்களின் மூச்சும் வேகமும் வேறு வேறு; மூன்று வயலினும் அதற்கேற்ப வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

முதல் தடவை வயலினை எடுக்காமல் கேளுங்கள். வயலின் எங்கே வாசிக்கிறது என்பதைவிட எங்கே சும்மா இருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டாம் தடவை பாடகருக்கு அரை வினாடி பின்னால் வாயால் பாடிப் போங்கள். மூன்றாம் தடவை வயலின். அதையும் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள், அன்றே கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரியே தோன்றும்.

பிறகு உங்கள் வயதுப் பாடகர் ஒருவரைப் பிடியுங்கள். வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, ஒரு ராகம், ஒரு கிருதி, ஸ்வரம். இருவருக்கும் லாபம். சொந்தக் குருவின் மாணவர்களோடு மட்டுமே பழகாதீர்கள். எல்லாரும் ஒரே பாடாந்தரம் (ஒரு குரு வழியில் வந்த பாட்டு வடிவம்) என்பதால் வரப்போகும் சங்கதி முன்கூட்டியே தெரிந்துவிடும், காது சோம்பேறியாகிவிடும்.

5. மேடையில் உங்கள் வேலை, உருப்படி உருப்படியாக

பாடகரின் இடப்பக்கம் உங்கள் இடம். மிருதங்கம் எதிர்ப்பக்கம். மிருதங்கக்காரர் இடக்கைக்காரராக இருந்தால் இடம் மாறும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். மைக் சோதனையில் ஒலிக்காரரிடம் மானிட்டரில் பாட்டை அதிகமாகவும் உங்கள் வயலினைக் குறைவாகவும் வைக்கச் சொல்லுங்கள். புதியவர்கள் நேர்மாறாகக் கேட்கிறார்கள். தன் வாசிப்பே காதை நிறைத்துவிட்டால் பாடகர் எங்கே திரும்புகிறார் என்பது எப்படிக் கேட்கும்?

கிருதி. தெரிந்த கிருதியாக இருந்தாலும் பாடகரின் பாடாந்தரம்தான் அன்றைக்குச் சரி. உங்கள் குரு கற்றுக்கொடுத்த சங்கதியை அதன் மேல் ஏற்றாதீர்கள். தெரியாத கிருதி என்றால் முதல் சங்கதிக்கு மெல்லிய ஆதாரம் மட்டும் கொடுங்கள். பல்லவி இரண்டு மூன்று முறை திரும்பி வரும், அதற்குள் எடுப்பும் (வரி தாளத்தில் தொடங்கும் இடம்) அமைப்பும் பிடிபடும்.

ஆலாபனை. இங்கேதான் பக்கவாத்தியக்காரரின் தரம் தெரிகிறது. பாடகர் பாடும்போது நீங்கள் நிழல்: ஒலி குறைவாக, துளி பின்னால். அவர் ஒரு ஸ்வரத்தில் கார்வை கொடுத்து நின்றால் நீங்களும் அதே ஸ்வரத்தில் நில்லுங்கள், அசைக்காதீர்கள். அவர் மூச்சு விடும் இடைவெளியில் கடைசியாகச் சொன்ன பிடியின் (சின்ன ராகச் சொற்றொடரின்) வாலை மட்டும் திருப்பிக் கொடுங்கள். ஒரு உதாரணம்: தோடியில் பாடகர் காந்தாரத்தில் அசைத்து அசைத்து நின்று, மூச்சு எடுக்கிறார். அவர் இன்னும் மத்தியமத்துக்கே ஏறவில்லை. நீங்கள் அந்த இடைவெளியில் தைவதம் வரை ஒரு ஓட்டம் ஓடிவிட்டால், அவர் அடுத்து மெதுவாகக் கட்ட நினைத்ததை நீங்கள் முன்கூட்டியே செலவழித்துவிட்டீர்கள். காந்தாரத்திலேயே ஒரு சின்னச் சுற்று சுற்றிக் கார்வையில் விடுங்கள், போதும்.

உங்கள் முறை வரும்போது நேரம் முக்கியம். அவர் பத்து நிமிடம் பாடினால் ஆறேழு நிமிடத்தில் முடியுங்கள். அவர் கட்டிய வடிவத்தையே எடுத்துக்கொண்டு, அதற்குள் உங்கள் சொந்தப் பிடி ஒன்றிரண்டு. ராகம் பழக்கமில்லாததாக இருந்தால் அவர் சொன்னதை வைத்து இரண்டு நிமிடத்தில் முடிப்பது கௌரவமான வழி. யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். தெரியாத ராகத்தில் நீட்டி முழக்கி வேறு ராகத்துக்குள் நுழைந்துவிட்டு வெளியே வரும் வாசல் தெரியாமல் நிற்பவரைத்தான் நினைவு வைத்துக்கொள்வார்கள்.

நிரவல். கிருதியின் ஒரு வரியை எடுத்து ராகத்தில் விரிப்பது இது. அந்த வரியின் எழுத்துகள் தாளத்தில் எங்கே விழுகின்றனவோ அங்கேதான் கடைசி வரை விழ வேண்டும். ராகம் எவ்வளவு விரிந்தாலும் எழுத்தின் இடம் மாறக் கூடாது. வயலினில் எழுத்து கேட்காதே என்று சலுகை எடுத்துக்கொண்டால் அது நிரவல் இல்லை, தாளத்தோடு வாசிக்கும் ஆலாபனை.

கல்பனா ஸ்வரம், அதாவது மேடையிலேயே கற்பனையாக ஸ்வரம் பாடுவது. முதல் வேலை எடுப்பைத் தெரிந்துகொள்வது. சமத்திலா (தாளத்தின் முதல் தட்டு), அரை இடம் தள்ளியா, முக்கால் இடமா? பாடகர் ஸ்வரம் ஆரம்பிக்கும் முன் அந்த வரியைப் பாடும்போதே தாளத்தைக் கையில் பிடித்துவிடுங்கள். இரண்டாவது, பதிலின் அளவு. அவர் அரை ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்றில் பாதி) பாடினால் நீங்களும் அரை ஆவர்த்தனம். மூன்றாவது, வடிவம். மோகனத்தில் அவர் ‘க ப த, ப த ஸ, த ஸ ரி’ என்று மும்மூன்றாக ஏறி எடுப்பில் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே திருப்பி வாசிக்கலாம், தப்பில்லை. ‘ரி ஸ த, ஸ த ப, த ப க’ என்று இறங்கி அதே இடத்தில் சேர்ந்தால் இன்னும் அழகு. கணக்கு அவருடையதே என்பதால் எடுப்பு தவறாது; வடிவம் மட்டும் உங்களுடையது. இப்படிச் சின்னச் சின்னத் திருப்பங்களை வீட்டில் ராகம் ராகமாகத் தயார் செய்துகொள்ளலாம். குறைப்பில் அளவு ஒரு ஆவர்த்தனம், அரை, கால் என்று இறங்கும்போது முந்திக்கொண்டு குறைக்காதீர்கள். குறைப்பது பாடகரின் முடிவு. கடைசிக் கோர்வையை (கணக்கோடு முடியும் ஸ்வரக் கோப்பு) அவர் பாடும்போது உடன் வாசிக்க முடியாவிட்டால் ஸட்ஜத்திலோ பஞ்சமத்திலோ நின்றுவிட்டு எடுப்பில் சேருங்கள்.

தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி. உங்களுக்கு ஓய்வு என்று நினைக்காதீர்கள். தாளம் போடுங்கள், தந்தியைத் தட்டிச் சுருதி பார்க்காதீர்கள். மோரா (முடிவை அறிவிக்கும் சொற்கட்டு) முடிந்து கோர்வை முதல் சுற்று போகும்போதே வில் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது சுற்று முடியும் இடத்தில் பாடகரோடு சேர்ந்து வரியை எடுக்க வேண்டும். அங்கே வில்லைத் தேடினால் அரங்கு முழுக்கப் பார்க்கும்.

பல்லவி. ராகம் தானம் பல்லவியில் பல்லவி வரி பெரும்பாலும் மேடையில்தான் முதன்முறையாகக் காதில் விழும். முதல் முறை பாடும்போது வாசிக்காதீர்கள். தாளம் என்ன, நடை என்ன, எடுப்பு எங்கே, அறுதி (வரியின் நடு நிறுத்தம்) எங்கே என்று நான்கையும் பிடியுங்கள். இரண்டாம் முறை அறுதி வரை மெதுவாக. மூன்றாம் முறை முழுசாக. அவசரப்பட்டு முதல் முறையே சேர்ந்தால் தப்பாகப் பிடித்தது மனசில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதைப் பிய்த்தெடுப்பது பெரும்பாடு.

6. முதல் மேடைகளும் தொலைபேசி அழைப்பும்

கோயில் உற்சவங்கள், ஆராதனைக் கோஷ்டிகள், மற்றவர்களின் மாணவர் அரங்கேற்றங்கள். இங்கிருந்து தொடங்குங்கள். தியாகராஜ ஆராதனை நாளில் பஞ்சரத்தினக் கோஷ்டி பல ஊர்களில் நடக்கிறது. ஐந்து கிருதிகளும் பாடம் என்றால் வயலினோடு போய் உட்காரலாம். அங்கே பழக்கமாகும் பாடகர்களிடமிருந்துதான் முதல் அழைப்புகள் வருகின்றன.

அடுத்து இளைஞர்களுக்கான மேடைகள். 1985இல் தொடங்கிய ஒய்ஏசிஎம் (யூத் அசோசியேஷன் ஃபார் கிளாசிக்கல் மியூசிக்) போன்ற அமைப்புகளும், டிசம்பர் சீசனில் சபாக்கள் தரும் மதிய நேரக் கச்சேரிகளும் இதற்காகவே இருக்கின்றன. சீசன் ஸ்லாட்டுகள் பல மாதம் முன்பே பேசப்படும். நவம்பரில் போய்க் கேட்டால் கிடைக்காது. சன்மானம் ஆட்டோவுக்கே சரியாகப் போகும் இடங்களும் உண்டு, காசு கொடுத்தால்தான் மேடை என்று சொல்லும் இடங்களும் உண்டு. முதல் வகையை ஆரம்பத்தில் ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவதை எந்தக் காலத்திலும் ஏற்காதீர்கள். கொடுத்து ஏறிய மேடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, கொடுத்த விஷயம் மட்டும் பரவும்.

அழைப்பு வந்ததும் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். “அக்கா, அஞ்சரைக் கட்டைதானே? மிருதங்கம் யாரு? பல்லவி இருக்கா? புதுசா எதாவது பாடுறீங்கன்னா ராகம் மட்டும் சொல்லிடுங்க.” இவ்வளவுதான். பெரிய வித்வானாக இருந்தால் உருப்படிப் பட்டியலைக் கேட்காதீர்கள், சுருதியும் நேரமும் போதும். சன்மானத்தைப் பற்றி இளையவர்கள் பாடகரிடம் பேசுவதைவிட ஏற்பாட்டாளரிடம் பேசுவது நல்லது.

ஒப்புக்கொண்ட தேதியை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். மதிய ஸ்லாட் இளம் பாடகருக்கு ஒப்புக்கொண்ட பிறகு அதே நாள் பெரிய பெயர் ஒன்று அழைக்கும். சபலம் வரும். இளம் பாடகரைக் கைவிட்டவர்களை அந்த வட்டம் மறப்பதில்லை, அவர்களில் சிலர் பத்து வருடத்தில் மாலைக் கச்சேரி பாடுவார்கள். பெரியவரிடம் “அன்னைக்கு ஒரு கச்சேரி ஒத்துக்கிட்டேன் சார், அடுத்த தடவை அவசியம் கூப்பிடுங்க” என்றால் அவரும் புரிந்துகொள்வார்.

7. கிரேடு, பட்டம், உதவித்தொகை

சுருக்கமாகச் சொல்கிறேன். அகில இந்திய வானொலியில் குரல் தேர்வு மாதிரி வாத்தியத்துக்கும் ஆடிஷன் உண்டு. பி, பி ஹை, ஏ, டாப் என்று கிரேடு. மேடை எண்ணிக்கை கொஞ்சம் சேர்ந்த பிறகு விண்ணப்பியுங்கள். வெளியூர் ஏற்பாட்டாளர்களும் மாணவர்களின் பெற்றோரும் கிரேடைப் பார்க்கிறார்கள்.

10 முதல் 14 வயதுக்குள் இருக்கும் மாணவர்களுக்கு சிசிஆர்டி (மத்திய அரசின் கலாச்சார வள, பயிற்சி மையம்) உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. 18 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். பள்ளியிலோ கல்லூரியிலோ சம்பளத்துக்குக் கற்பிக்க நினைத்தால் முறையான சான்றிதழோ பட்டமோ அவசியம். சென்னை, திருவையாறு, மதுரை, கோவை அரசு இசைக் கல்லூரிகள் இதற்கான வழி. மேடைக்கு மட்டும் என்றால் பட்டத்தை யாரும் கேட்பதில்லை.

8. நாட்டியமும் ஸ்டுடியோவும்

பரதநாட்டியத்துக்கு வாசிப்பதைச் சிலர் தாழ்வாகப் பார்க்கிறார்கள். அது வீண் வறட்டுப் பெருமை. ஒத்திகைகள் அதிகம்தான், ஆனால் சன்மானம் சீராக வரும், வெளிநாட்டுப் பயணமும் வரும். ஒத்திகைக்கும் சேர்த்துத் தொகை பேசிக்கொள்ளுங்கள். எத்தனை ஒத்திகை என்பதையும் முதலிலேயே பேசுங்கள். அங்கே வயலின் கண்ணாலும் வேலை செய்ய வேண்டும். நர்த்தகி ஒரு வரியை நாலாவது முறை அபிநயம் பிடிக்கிறாரா, அடுத்த வரிக்குப் போகிறாரா என்பது முகத்தில்தான் தெரியும்.

ஸ்டுடியோ பதிவு வேறு உலகம். மேற்கத்திய நோட்டு படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் குழு வாசிப்பில் இடம். தனி வயலின் பிட்டுக்கு நம்மவர்களைக் கூப்பிடுவார்கள். அதற்கு, க்ளிக் (தாளத்துக்கான டிக் ஒலி) ஓடும்போது கமகத்தைக் குறைத்து நேர்க்கோடாக வாசிக்கவும் தெரிய வேண்டும். ஆர்வம் இருந்தால் நோட்டு படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

9. வகுப்பு தொடங்குதல்

மேடையில் இரண்டு மூன்று வருடம் ஓடிய பிறகு வகுப்பு எடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் உங்கள் சாதக (பயிற்சி) நேரத்தைத்தான் விற்கிறீர்கள். காலை நேரத்தைச் சாதகத்துக்கு வைத்துக்கொண்டு மாலையில் வகுப்பு வையுங்கள். ஆரம்பத்தில் நாலைந்து மாணவர்கள் போதும்.

குழந்தைக்கு வயலின் அளவு சரியாக இருக்கிறதா பாருங்கள். ‘வளர்ந்துவிடுவான்’ என்று பெற்றோர் முழு அளவு வாங்கி வருவார்கள். ஏழெட்டு வயதுக் கை அதில் எட்டாது. விரல் விரியாமல் மணிக்கட்டு மடங்கிப் பழகிவிடும். கால், அரை, முக்கால் அளவுகள் இருப்பது அதற்காகத்தான்.

உட்காரும் நிலைதான் முதல் பாடம். வயலினின் சுருள்முனை வலது பாதத்தின் கணுக்கால் அருகே உட்கார வேண்டும், அடிப்பாகம் இடது மார்போடு சாய வேண்டும். வாத்தியம் இந்த இரண்டு இடத்தில் தானாக நிற்க வேண்டும். இடது கை அதைத் தூக்கிப் பிடிக்கவே கூடாது. சோதிப்பது சுலபம்: மாணவர் இடது கையை முழுசாக எடுத்துவிடட்டும். வயலின் அசையாமல் இருந்தால் சரி. விழப் பார்த்தால், இந்தக் குழந்தை கழுத்துப் பகுதியைக் கட்டைவிரலால் இறுக்கிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஜாரு (தந்தியில் விரலை வழுக்கி ஸ்வரம் மாறுவது) வராது, கமகம் வராது, ஏன் வரவில்லை என்று இரண்டு பேரும் குழம்புவீர்கள்.

அதன் பிறகு சில வாரம் வெறும் தந்தியில் நீண்ட வில். போரடிக்கும். அதைச் சமாளிக்க, ஒவ்வொரு வகுப்பிலும் சரளி வரிசையை வாயால் பாட வையுங்கள். வில் தயாராகும்போது காதும் தயாராக இருக்கும். பிறகுதான் விரல். விரல் வைக்கும் இடத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது நாலைந்து வாரத்துக்குச் சரி. அதற்கு மேல் விட்டால் குழந்தை கண்ணால் வாசிக்கும். சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம் என்று போகும்போது மாயாமாளவகௌளையில் எல்லா ஸ்வரமும் நேராக இருக்கட்டும். கமகத்தைக் கீதத்தில் மெல்ல ஆரம்பித்து வர்ணத்தில் முழுசாகக் கொடுங்கள். முதலிலிருந்தே அசைத்துப் பழகிய விரலுக்கு ஸ்வரத்தின் சரியான இடம் கடைசி வரை தெரிவதில்லை.

புதிய ஆசிரியர்கள் செய்யும் பெரிய தப்பு, மாணவரோடு எப்போதும் சேர்ந்தே வாசிப்பது. உங்கள் ஒலியில் அவர்களின் அபசுருதி மறைந்துவிடும். நீங்கள் ஒரு முறை வாசியுங்கள், மாணவர் தனியாக இரண்டு முறை வாசிக்கட்டும்.

பெற்றோருடன் ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டிய விஷயங்கள் இரண்டு. ஒன்று, கட்டணம்: மாதத்துக்கு எத்தனை வகுப்பு, மாணவர் வராவிட்டால் என்ன, நீங்கள் கச்சேரிக்குப் போனால் ஈடு வகுப்பு எப்போது என்று எழுத்தில், ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது, கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் உங்களுக்கு வகுப்பு எடுக்க நேரமே இருக்காது என்பதையும் அதிலேயே சேருங்கள். இன்னொன்று, அரங்கேற்றம். இரண்டாவது வருடமே “எப்ப சார் மேடை ஏத்தலாம்?” என்பார்கள். வர்ணம் வரை வந்த பிறகு, தெரிந்தவர்கள் முன்னால், கால் மணி நேரம். அதற்கு மேல் அவசரம் வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள்.

10. ஆன்லைன் வகுப்பு

வெளிநாட்டு மாணவர்கள் இப்போது பலருக்கு வருமானத்தின் பாதி. மூன்று ஏற்பாடுகள் இல்லாமல் தொடங்காதீர்கள்.

இரண்டு பக்கமும் ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பைப் போட வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும், நீண்ட வில்லை நடுவில் விழுங்கும். மாணவர் பக்கத்தில் சுருதி ஓடட்டும், உங்கள் பக்கத்தில் வேண்டாம். காமிரா வலது கையும் இடது விரலும் சேர்ந்து தெரியும்படி பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேராக வைத்தால் முகம்தான் தெரியும்.

ஒலி தாமதம் இருப்பதால் சேர்ந்து வாசிக்கவே முடியாது. தாளத்தை மாணவர்தான் போட வேண்டும். நீங்கள் போட்டால் அங்கே தப்பாகக் கேட்கும். ஒரு வரி வாசித்துப் பதிவாக அனுப்பி, அடுத்த வகுப்புக்குள் மாணவர் தன் பதிவைத் திருப்பி அனுப்பும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

நேரக்கணக்கு கவனம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால் கோடையில் நமக்கு மறுநாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது உங்கள் காலை அட்டவணை முழுக்க ஒரு மணி நேரம் நகரும். அந்த வாரம் யாராவது இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். முந்தின வாரமே எல்லாருக்கும் செய்தி அனுப்புங்கள்.

11. கணக்கும் உடம்பும்

கச்சேரி, நாட்டியம், வகுப்பு என்று மூன்று வரவுகளையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். சன்மானத்தில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வருமான வரி தாக்கல் செய்யும்போது திரும்பக் கிடைக்கக்கூடிய பணம் அது. மார்கழியில் வரும் பணம் ஆடி மாதத்துக்கும் சேர்த்துத்தான்.

நாள் முழுக்கச் சம்மணமிட்டு, முன்னால் குனிந்து வாசிக்கிற தொழில் இது. முதுகும் வலது முழங்காலும்தான் முதலில் கேள்வி கேட்கும். உட்காரும் இடத்தில் பின்பக்கம் லேசாக உயர்ந்த சின்ன மெத்தை வையுங்கள், முதுகு தானாக நிமிரும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். இடது தோளில் வலி நிலைத்துவிட்டால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள், எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ வயலினைக் கையோடு கொண்டுபோய் உட்கார்ந்து காட்டுங்கள். மருத்துவருக்கு இந்த உட்காரும் முறை பழக்கமில்லாமல் இருக்கலாம்.

12. தனிக் கச்சேரி

இத்தனைக்கும் பிறகு. பல பாடகர்களின் ஆலாபனையைக் காதில் வாங்கிய பிறகுதான் உங்கள் ஆலாபனைக்கென்று ஒரு வழி தெரியும். அதனால்தான் இது கடைசியில் வருகிறது.

சுருதி இந்த முறை உங்கள் விருப்பம். உங்கள் வயலின் எந்தச் சுருதியில் நன்றாகத் திறந்து ஒலிக்கிறது என்று சில வாரம் அரைக் கட்டை ஏற்றி இறக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். சாகித்தியம் கேட்காது என்பதால் ரசிகர்களுக்குத் தெரிந்த கிருதிகளை அதிகமாக வையுங்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் ராகம், தாளம், கிருதியின் பெயரை மைக்கில் சொல்லிவிடுங்கள். ‘இது என்ன ராகம்’ என்று பக்கத்துச் சீட்டில் கேட்டுக்கொண்டிருந்தால் ஆலாபனை போய்ச் சேராது. மிருதங்கக்காரருடன் ஒரு முறையாவது உட்கார்ந்து மெயின் உருப்படியின் காலப்பிரமாணத்தை (வேகத்தை) பேசிக்கொள்ளுங்கள். பாட்டுக் கச்சேரியில் பாடகரின் கையில் தெரியும் தாளம் இங்கே இல்லை, உங்கள் கை இரண்டும் வயலினில் இருக்கும். தனி ஆவர்த்தனத்தின்போது வயலினை மடியில் வைத்துவிட்டு நீங்களே தாளம் போடுங்கள். முதல் கச்சேரிக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.